மடக்குக் கத்திக்கு இவ்வளவு விலை தகுமா? வாங்கும் முன் 14 குறிப்புகள்

கெடாவின் புக்கிட் செலம்பாவ் வட்டாரத் தோட்ட வீடுகளில் கத்திக்குப் பஞ்சமில்லை. அடுப்படியில் காய்கறிக் கத்தி இருக்கும், கொல்லையில் பாராங் இருக்கும். பால்மரம் வெட்டிய குடும்பமென்றால் பழைய உளி ஒன்றும் எங்காவது செருகியிருக்கும். இப்போது இளையவர்கள் கைப்பேசியில் மடக்குக் கத்திகளைத் தேடிப் பார்க்கிறார்கள். ஒன்றின் விலை 60 வெள்ளி, இன்னொன்று 600 வெள்ளி, சில ஆயிரத்தையும் தாண்டுகின்றன. எல்லாமே பழம் நறுக்கும், கயிறு அறுக்கும். பிறகு ஏன் இந்த விலை வித்தியாசம்? கூடுதல் பணம் யாருக்குப் பயன்படும், யாருக்கு வீண்? காசை எடுக்கும் முன் இவற்றை ஒருமுறை படித்துவிடுங்கள்.

1. வேலையைப் பட்டியல் போடுங்கள். கடந்த மாதம் எதையெல்லாம் வெட்டினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். உர மூட்டையின் தையலைப் பிரித்தீர்களா, நைலான் கயிறு அறுத்தீர்களா, வாழையிலை நறுக்கினீர்களா, அட்டைப்பெட்டி கிழித்தீர்களா? இவை மட்டும்தான் என்றால் குறைந்த விலைக் கத்தியே தாராளம். டுரியான் உடைப்பதும் தேங்காய் மட்டை உரிப்பதும் எந்த மடக்குக் கத்திக்கும் உரிய வேலையல்ல. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் மடிப்பு ஆணி தளர்ந்துவிடும், விரலுக்கும் ஆபத்து. அதற்குப் பாராங்கை எடுங்கள்.

2. சட்டத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மலேசியாவில் 1958-ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், அபாயகர ஆயுதங்கள் சட்டம் நடப்பில் இருக்கிறது. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் அபாயகர ஆயுதம் வைத்திருந்ததாக நீதிமன்றத்தில் நிரூபணமானால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் கிடைக்கலாம். பொத்தானை அழுத்தியதும் அலகு தானே பாய்ந்து வரும் கத்தியை வாங்கவே வேண்டாம். சாதாரண மடக்குக் கத்தியையும் வீட்டிலோ தோட்டத்திலோ வேலையிடத்திலோ விட்டுவிடுங்கள். சுங்கைப் பட்டாணிக்குப் பேருந்து ஏறும்போதும் கோயில் திருவிழாவுக்குப் புறப்படும்போதும் அது சட்டைப்பையில் இருக்கக்கூடாது. விமானப் பயணமென்றால் கைப்பையில் வைக்காமல் பதிவு செய்து அனுப்பும் பெட்டியில் வையுங்கள்.

3. விலையை நாள்களால் வகுத்துப் பாருங்கள். 600 வெள்ளிக் கத்தியைத் தினமும் எடுத்து 10 ஆண்டு பயன்படுத்தினால் ஒரு நாளுக்குச் சுமார் 16 சென் ஆகும். அதே கத்தி வாரம் ஒருமுறைதான் வெளியே வருகிறது என்றால் ஒவ்வொரு முறைக்கும் 1 வெள்ளி 15 சென் விழுகிறது. 90 வெள்ளிக் கத்தி தினப்படிப் பயன்பாட்டில் 3 ஆண்டு தாங்கினாலே நாளுக்கு 8 சென்தான். கத்தி எத்தனை முறை கைக்கு வரப்போகிறது என்பதை வைத்துத்தான் விலையை எடை போட வேண்டும்.

4. முதல் பணம் சாணைக்கல்லுக்குப் போகட்டும். இந்தப் பட்டியலிலேயே முக்கியமான குறிப்பு இதுதான். பால்மரம் வெட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். உளியைத் தீட்டி வைக்காமல் அவர்கள் நிரைக்குப் போனதில்லை. ஒவ்வொரு வெட்டிலும் பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாகச் சீவ வேண்டும். மழுங்கிய உளி பட்டையைப் பிய்த்துவிடும். அதைச் சமாளிக்க அழுத்தினால் உள்ளே இருக்கும் வளர்படலம் காயப்படும், அந்த இடத்தில் மரம் முண்டு முண்டாகப் புடைத்துப் பிறகு வெட்டவே வராது. கையிலிருப்பது எந்த உளியானாலும் தீட்டத் தெரிந்தவர்தான் நல்ல வெட்டாளி என்று பெயரெடுத்தார். மடக்குக் கத்திக்கும் இதே நியாயம்தான். தீட்டாத 1,000 வெள்ளிக் கத்தியைவிடத் தீட்டிய 60 வெள்ளிக் கத்தி நன்றாக அறுக்கும்.

5. விலை எங்கே ஏறுகிறது என்று பாருங்கள். உயர்விலைக் கத்தியில் முதல் செலவு எஃகுக்கு. 2001-இல் அமெரிக்காவில் அறிமுகமான எஸ்30வி போன்ற எஃகுகளை உலோகத்தைப் பொடியாக்கி அழுத்திச் செய்கிறார்கள். அதில் ஏறத்தாழ 4 விழுக்காடு வனேடியம் கலந்திருக்கிறது. அதனால் கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் வனேடியம் சேர்ந்து உண்டாகும் துகள்கள் சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினமானவை. நம் வீட்டுக் கல்லில் எவ்வளவு தேய்த்தாலும் கூர் சீக்கிரம் ஏறாது, வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். அந்தத் தகட்டின் விலையையும் கத்தியின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. கடினத்தன்மை எண்ணைக் கேளுங்கள். கத்தி எஃகின் கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள். நல்ல சாதாரணக் கத்திகள் 55, 56 அளவில் இருக்கும். உயர்விலைக் கத்திகள் பெரும்பாலும் 58 முதல் 62 வரை போகும். எண் கூடினால் கூர் நிற்கும், ஆனால் எலும்பிலோ கல்லிலோ பட்டால் வாய் சிதறும் வாய்ப்பும் கூடும். முரட்டு வேலை செய்கிறவருக்கு 56 நல்லது. நுணுக்கமாக வெட்டிப் பழகியவருக்கு 60 ஏற்றது. எஃகின் பெயரையே சொல்லாமல் ‘துருப்பிடிக்காத எஃகு’ என்று மட்டும் எழுதியிருக்கும் கத்திக்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள்.

7. நம் ஊர்க் காற்றை மறக்காதீர்கள். கெடாவின் ஈரக்காற்றில் கரிம எஃகுக் கத்தியைத் துடைக்காமல் வைத்தால் இரவோடு இரவாகத் துரு ஏறிவிடும். மாங்காய், எலுமிச்சை பட்டால் அலகு உடனே கறுக்கும். கறுப்பால் கெடுதல் இல்லை, செந்துருதான் எஃகைத் தின்னும். துடைத்து எண்ணெய் போடும் பழக்கம் இல்லாதவர்கள் குரோமியம் கூடுதலாக உள்ள எஃகையே எடுக்கலாம். மெர்போக் ஆற்றிலும் தஞ்சோங் டாவாய் கடலிலும் மீன் பிடிக்கிறவர்களின் நிலைமை வேறு. உப்புநீர் சாதாரணத் துருப்பிடிக்காத எஃகையும் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். நைட்ரஜன் கலந்த எச்1, எல்சி200என் போன்ற எஃகுகள் உப்பைத் தாங்கும். விலை கூடுதல்தான், ஆனால் அவர்களுக்கு அது வீண் செலவில்லை.

8. அலகின் தடிமனைப் பாருங்கள். தடித்த அலகென்றால் நல்ல கத்தி என்று பலர் எண்ணுகிறார்கள். உயர்விலைக் கத்திகள் பலவற்றில் அலகு 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதைக் கொய்யாவில் இறக்கினால் பாதி வழியிலேயே பழம் பிளந்துவிடும். ஒரு மெல்லிய துண்டு சீவ முடியாது. பிரான்சின் ஓப்பினெல் 8-ஆம் எண் கத்தியின் அலகு ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர்தான். தக்காளியும் மாங்காயும் அதில் வழுக்கிக்கொண்டு அறுபடும். சமையலுக்கும் பழத்துக்கும் மெல்லிய அலகு, மரக்கிளைக்கும் கயிற்றுக்கும் சற்றுத் தடித்தது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

9. பூட்டுக்குக் கொடுக்கும் பணம் விரலுக்குக் கொடுக்கும் பாதுகாப்பு. பூட்டு இல்லாத கத்தியால் குத்தித் துளை போட்டால் அலகு மடங்கி விரல்மேல் விழும். ஓப்பினெல் கத்தியில் 1955 முதல் எளிமையான திருகு வளையம் ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பினால் அலகு நின்றுவிடும். உயர்விலைக் கத்திகளில் கைப்பிடியின் உலோகச் சட்டமே அலகின் அடியில் வந்து முட்டிப் பிடிக்கும். அந்தப் பொருத்தத்தை மிக நுண்ணிய அளவில் சீவிச் செய்வதால்தான் விலை ஏறுகிறது. இந்தச் செலவு நியாயமானது. ஆனால் மலிவான திருகு வளையமும் நல்ல பூட்டுதான்.

10. கடையிலேயே சோதித்துப் பாருங்கள். கத்தியை விரித்து, வாயை மேலே திருப்பி, குழல்விளக்கின் கீழ் பிடியுங்கள். நல்ல கூர்வாய் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. எங்காவது வெள்ளைக்கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கலாகவோ மடங்கியோ இருக்கிறது. அடுத்து அலகின் முதுகைப் பிடித்து இடவலமாக மெல்ல அசையுங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. மூடிப் பார்த்தால் அலகு கைப்பிடியின் நடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கமாக உரசக்கூடாது. கடைக்காரரிடம் கேட்டு, நாளிதழ்த் தாள் ஒன்றை ஒரு கையில் தொங்கவிட்டு அடிமுதல் நுனிவரை அறுங்கள். தாள் கிழியாமல் ஒரே வீச்சில் அறுபட வேண்டும். 500 வெள்ளி கேட்கும் கத்தி இத்தனையிலும் தேற வேண்டும்.

11. வெட்டாத உறுப்புகளுக்குக் கொடுக்கும் பணத்தைத் தனியே கணக்கிடுங்கள். டைட்டேனியம் கைப்பிடி, வண்ணமேற்றிய திருகு, குண்டுமணி தாங்கி எல்லாம் கைக்குச் சுகம், கண்ணுக்கு அழகு. அறுப்பதில் அவற்றுக்குப் பங்கில்லை. தோட்டத்து மண்ணும் உரத்தூளும் பலாப்பாலும் குண்டுமணிகளுக்குள் புகுந்தால் கத்தி கரகரக்கும், கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். வெறும் வெண்கல வளையம் போட்ட மடிப்பு இத்தகைய அழுக்கை இன்னும் நன்றாகத் தாங்கும். அழகுக்காகவே வாங்குவதும் தவறில்லை. அதைத் தெரிந்தே வாங்குங்கள்.

12. நடுத்தர விலையை ஒதுக்கிவிடாதீர்கள். ஜோசப் ஓப்பினெல் 1890-இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் செய்யத் தொடங்கிய கத்தியும், கார்ல் எல்செனர் 1884-இல் சுவிட்சர்லாந்தின் இபாக்கில் தொடங்கிய விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் கத்திகளும் இன்றுவரை உழைக்கும் மக்களின் கையில்தான் இருக்கின்றன. சீனாவின் கத்தித் தொழில் நகரமான யாங்ஜியாங்கிலிருந்து வரும் நடுத்தரக் கத்திகள் பலவற்றின் பொருத்தமும் இப்போது நன்றாகத் தேறியிருக்கிறது. 60 வெள்ளியிலிருந்து 200 வெள்ளிக்கு ஏறும்போது கிடைக்கும் முன்னேற்றம் கையில் தெரியும். 600-லிருந்து 1,200-க்கு ஏறும்போது கிடைப்பதைப் பழகிய கை மட்டுமே உணரும்.

13. போலியும் உத்தரவாதமும். பேர்போன கத்திகளின் போலிகள் இணையச் சந்தையில் ஏராளம். மற்ற இடங்களில் 800 வெள்ளிக்கு விற்பது இங்கே 90 வெள்ளிக்குக் கிடைக்கிறது என்றால் வாங்காதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரா என்று நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாழ்நாள் உத்தரவாதம் என்பது பெரும்பாலும் பொருளிலோ செய்நேர்த்தியிலோ உள்ள குறைக்கு மட்டும்தான், தேய்மானத்துக்கும் தவறாகப் பயன்படுத்தியதற்கும் கிடையாது. பழுதுக்கு அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டுமா, உள்நாட்டிலேயே ஆள் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். அஞ்சல் செலவிலேயே இன்னொரு நல்ல கத்தி வாங்கிவிடலாம்.

14. வாங்கியதைப் பேணுங்கள். பலாப்பால், மரப்பால் பட்டால் காயுமுன் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பிசின் கழன்றுவிடும். பிறகு சோப்புநீரில் கழுவி, மடிப்பின் உட்பகுதிவரை ஈரம் போகத் துடைத்து வையுங்கள். பழம் நறுக்கும் கத்தியின் அலகுக்கு உண்ணத்தக்க எண்ணெய் போதும். ஆனால் தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகும், ஆகவே மடிப்பு ஆணிக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தீட்டும்போது பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைச் சாய்வில் பிடியுங்கள், அந்தச் சாய்வு கடைசிவரை மாறக்கூடாது. வாயின் மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் விரலுக்குத் தட்டுப்பட்டதும் திருப்பித் தீட்டுங்கள். கடைசியில் பழைய தோல் வாரில் நாலு முறை பின்னோக்கி இழுத்தால் பிசிர் போய்விடும். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், மடக்கியே வையுங்கள்.

இனி முடிவு எடுப்பது எளிது. நாற்றுப்பண்ணை வைத்து மொட்டு ஒட்டுக் கட்டுகிறவருக்கு உயர்விலைக் கத்தி தகும், ஏனென்றால் வெட்டு சுத்தமாக விழுந்தால்தான் ஒட்டு பிடிக்கும். உப்புநீரில் வேலை செய்கிறவருக்கும் தகும். நாள் முழுக்கக் கத்தியோடு இருந்து அதைத் தானே தீட்டவும் தெரிந்தவருக்கும் தகும். மற்ற எல்லோரும் 100 வெள்ளியை ஒட்டிய நல்ல கத்தி ஒன்றும் இருபக்கச் சாணைக்கல் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஓராண்டு அதைப் பயன்படுத்திப் பாருங்கள். எந்த வேலையில் அது போதவில்லை என்று உங்களால் சொல்ல முடிந்தால் அந்தக் குறையைத் தீர்க்கும் கத்திக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் உங்களுக்கு வேண்டிய கத்தி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.