கலம் நிற்கும் இடம் யாருக்குத் தெரிய வேண்டும்?

திருகோணமலைத் துறைமுகத்தின் கொட்பேப் பகுதியில் கட்டி நிற்கும் பலநாட் கலங்களில் ஏறிப் பார்த்தால், கூரையின்மேல் சிறு பெட்டியொன்று பூட்டப்பட்டிருப்பதைக் காணலாம். தொழிலாளர் அதனை ‘வி.எம்.எஸ்.’ என்று அழைப்பர். கலம் கடலில் எங்கே நிற்கிறது, எத்திசையில் எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்பதைக் கொழும்பிலுள்ள கடற்றொழில் திணைக்களத்தின் கண்காணிப்பு நிலையத்துக்கு அது இடைவிடாது சொல்லிக்கொண்டிருக்கும். இதைக் குறித்து நமது கரையோரக் குடும்பங்களில் இருவிதப் பேச்சு உண்டு. “பிள்ளைகள் கடலில் நிற்கும்போது எங்கே என்று தெரிந்தால் நல்லதுதானே” என்பார் சிலர். “நேவிக்காரனுக்கு நாமே வழிகாட்டி வைத்த மாதிரித்தான்” என்பார் வேறு சிலர். இரு பேச்சிலும் உண்மை இருப்பதால் விடயத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். வானத்திலிருந்து செய்மதி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கின்றனர். இடங்காட்டும் செய்மதிகள் எவரையும் பார்ப்பதில்லை. பூமியிலிருந்து ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, அவை நேரத்தையும் தாம் நிற்கும் இடத்தையும் மட்டுமே ஒலிபரப்புகின்றன. ஒரே நொடியில் மூன்று கோவில்களில் மணி அடிக்கப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த மணியோசை முந்தி வந்தது, எது எவ்வளவு பிந்தி வந்தது என்று கணக்கிட்டால் நாம் நிற்கும் இடத்தை அறியலாம் அல்லவா? கருவியும் நான்கு செய்மதிகளின் நேரத்தை ஒப்பிட்டு அவ்வாறே தன் இடத்தைக் கண்டுகொள்கிறது. அம்மட்டில் அந்த இரகசியம் கருவிக்குள்ளேயே இருக்கும். அதன்பின் இன்னொரு செய்மதி வழியாகவோ கைத்தொலைபேசிக் கோபுரம் வழியாகவோ அதை மற்றொருவருக்கு அனுப்பும்போதுதான் கேள்வி பிறக்கிறது. அனுப்புவது எவருக்கு? அவர் அதை எத்தனை காலம் வைத்திருப்பார்?

இக்கருவி நமது கலங்களுக்கு வந்த கதையை அறிந்தால் இக்கேள்வியின் பாரம் விளங்கும். சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கவில்லை என்று 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையை எச்சரித்தது. ஆழ்கடற் கலங்களைக் கண்காணிக்கும் முறை இல்லாமை அது கூறிய குறைகளுள் ஒன்று. 2015 சனவரியில் நமது மீன் ஐரோப்பியச் சந்தைக்குப் போவது தடைப்பட்டது. அதன்பின்னரே ஆழ்கடலுக்குச் செல்லும் கலங்களுக்குக் கருவிகள் அவசரமாகப் பூட்டப்பட்டன. 2016 யூனில் தடை நீங்கியது. சூரைமீன் நல்ல விலைக்குப் போக வேண்டுமானால் கலம் பிறநாட்டு எல்லைக்குள் போகவில்லை என்று காட்ட வேண்டும். இது நியாயமான காரணமே. இயந்திரம் பழுதாகிக் காற்றோடு அள்ளுண்டு போகும் கலத்தைத் தேடவும் அது உதவும். புயல் நாளில் கரையில் காத்திருக்கும் தாய்மாருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் கதை அத்துடன் நிற்கவில்லை. நாடு பொருளாதார நெருக்கடியில் தத்தளித்த 2022இல், மே, யூன் மாதங்களில், அவுஸ்திரேலியாவுக்குப் போக முயன்ற பலர் திருகோணமலைக் கடற்பரப்பில் கடற்படையினரால் மறிக்கப்பட்டனர். அதே யூனில் அவுஸ்திரேலிய உள்துறை அமைச்சர் கிளேர் ஓ’நீல் கொழும்பு வந்தார். இலங்கை மீன்பிடிக் கலங்களுக்கு 4,000க்கும் மேற்பட்ட தடங்காட்டும் கருவிகளை அந்நாடு கொடுத்தது. ஆட்கடத்தற் படகுகளைக் கண்டறிவதும் அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. ஆட்கடத்தலை ஆதரிப்பார் எவருமில்லை. ஏழைகளின் நகையை வாங்கிக்கொண்டு அவர்களை நடுக்கடலில் கைவிடும் வியாபாரம் அது. என்றாலும் மீனுக்கென்று வந்த கருவி ஏழே ஆண்டுகளில் மனிதர் நடமாட்டத்துக்கும் கருவியாகிவிட்டதைக் கவனியுங்கள். நாளை இன்னொரு நோக்கம் சேரும்போது கலத்துக்காரரை எவராவது கேட்பார்களா?

இவ்விடத்தில் நமது மாவட்டத்துக்கு மற்றவர்க்கில்லாத ஒரு நினைவு இருக்கிறது. போர்க்காலத்தில் கடலுக்குப் போகப் பாஸ் வேண்டியிருந்தது. போகும் நேரமும் திரும்பும் நேரமும் பிறர் குறித்தவை. கடற்படைத் தளத்தின் நிழலில் வாழும் ஊரில், எங்கே போனாய் என்ற கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல. கொழும்பிலோ பிரசெல்சிலோ இருந்து சட்டம் எழுதுவோர் இதை உணர்வது கடினம்.

தரையிலும் இதே நிலைதான். 2022 யூலையில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தபோது வாகன இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எல்லோரும் பதிந்தோம். வரிசையில் நாட்கணக்கில் நின்ற களைப்பில் அதைப்பற்றி எவரும் யோசிக்கவில்லை. 2023 செப்ரெம்பரில் அம்முறை நிறுத்தப்பட்டது. இந்தியாவில் 2019 முதல் புதிய பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு இடங்காட்டும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் கட்டாயமாயின. இரவில் தனியே பயணிக்கும் பெண்களுக்கு அது காவல் என்பதை மறுக்க முடியாது.

“பிழை செய்யாதவனுக்கு என்ன பயம்?” என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல மனதுடன் கேட்கிறார்கள். ஆனால் ஒருவர் மறைப்பவை எல்லாம் பிழைகளா? புற்றுநோய் வைத்தியரிடம் போய்வந்ததை மனைவிக்கே இன்னும் சொல்லாதவர் இருக்கிறார். காணாமற் போன மகனுக்காகச் சட்டத்தரணியைத் தேடிப் போகும் தாய் இருக்கிறார். பங்குச் சுவாமியிடம் கூச்சப்பட்டு, மறைமாவட்டத்தின் மறுகோடிக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவரும் இருக்கிறார்! மீனவருக்கோ மீன் கூடும் இடமே முதுசம். முன்னோர் கோணேசர் மலையையும் கரைமரங்களையும் குறி வைத்துக் கண்ட இடங்களை அடுத்த வீட்டாருக்கே சொல்லார். ஒரு நாளின் பயணம் ஒன்றும் சொல்லாது. ஒரு மாதப் பயணத்தைச் சேர்த்து வைத்தால் மனிதனின் தொழில், நோய், நட்பு, நம்பிக்கை எல்லாம் அதில் தெரியும்.

இதனை ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் ஆராய்ந்தது. வாஷிங்டனில் ஒருவரின் ஜீப் வண்டியில் இரகசியமாகக் கருவி பூட்டப் பொலிசாருக்கு 10 நாள் அனுமதி கிடைத்திருந்தது. அவர்கள் 11ஆம் நாள், அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே பூட்டி, 28 நாட்கள் பின்தொடர்ந்தனர். அது அரசியலமைப்பு கூறும் ‘சோதனை’ ஆகும் என்று 2012 சனவரியில் நீதியரசர் அனைவரும் ஒருமனதாகத் தீர்த்தனர். இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர் 2017 ஓகஸ்ட் 24ஆம் திகதி, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். திருச்சபையும் இதற்கு அந்நியமன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இக்கால உலகில் திருச்சபை பற்றிய ஏட்டின் 26ஆம் பகுதியில், மனிதனுக்குரிய உரிமைகளுடன் அந்தரங்கப் பாதுகாப்பையும் சேர்த்து எண்ணியிருக்கிறது.

நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை தனியாக இல்லை. தகவல் அறியும் உரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களுள் ஒன்றாகவே அச்சொல் வருகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்குத் திரட்டியதை அதற்கொவ்வாத வேறொன்றுக்குப் பயன்படுத்தலாகாது, வேண்டிய காலத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்கிறது. நல்ல விதிகள்தான். தேசிய பாதுகாப்புக்கு அதில் விலக்கும் உண்டு. திருகோணமலையில் அந்த விலக்கு எவ்வளவு அகலமாக விரியக்கூடும் என்பதை வாசகர்களே அறிவர்.

ஆகையால் கருவியைக் கழற்றிக் கடலில் எறியச் சொல்வோருக்கு நாம் செவிசாய்க்க வேண்டாம். அனுமதிப்பத்திரம் போவதுடன், ஆபத்தில் தேட வருவோருக்கும் வழி தெரியாமற் போகும். கேட்பதற்கு வேறு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரசையும் கடற்றொழில் திணைக்களத்தின் தகவல் அதிகாரியிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாயாலும் கேட்கலாம். கலங்களின் பயணப் பதிவுகள் எத்தனை ஆண்டு வைக்கப்படுகின்றன, கடற்படை உட்பட எந்தெந்த நிறுவனங்களுக்குக் கொடுக்கப்படுகின்றன, எந்த எழுத்து ஒழுங்கின்கீழ் என்ற மூன்றையும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். கடற்றொழிலாளர் சங்கத்தின் பெயரால் மட்டும் கேளாமல் அங்கத்தவர் சிலர் தம் சொந்தப் பெயரிலும் கேட்பது நல்லது. விண்ணப்பத்தின் பிரதியையும், அது கிடைத்ததாகத் தரும் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.