தெற்கு ஜார்ஜியாவில் கால் வைக்கும் முன்

கப்பலின் படத்தைப் பார்த்து மயங்கி டிக்கெட் எடுக்காதீர்கள். எத்தனை பயணிகளை ஏற்றுவீர்கள் என்று முதலில் கேளுங்கள். தெற்கு ஜார்ஜியா தீவின் கரைகளில் பொதுவாக ஓரிடத்தில் ஒரே சமயத்தில் 100 பயணிகளுக்கு மேல் இறங்கி நிற்கக் கூடாது என்பது விதி. இருநூறு பேர் ஏறுகிற கப்பல் என்றால், பாதிப் பேர் பென்குயின்களோடு இருக்கும்போது மீதிப் பேர் மேல்தளத்தில் காபியைக் குடித்துக்கொண்டு முறைக்குக் காத்திருக்க வேண்டும். நூறு பேருக்குள் ஏற்றும் சிறிய கப்பலில் ஆட்டம் அதிகம்; அறையும் தீப்பெட்டி போல இருக்கும். ஆனால் தரையில் நிற்கும் நேரம் முழுசாகக் கிடைக்கும். என் ஓட்டு சிறியதற்குத்தான்.

இது அமெரிக்காவின் ஜார்ஜியாவும் அல்ல, கருங்கடலோரத்து நாடும் அல்ல. தென் அட்லாண்டிக்கில் பிரிட்டனின் ஆளுகையில் உள்ள தீவு. சுமார் 170 கி.மீ. நீளம், நடுவே பனிமலைகள், அவற்றில் உயர்ந்த பேஜட் சிகரம் 2,900 மீட்டரைத் தாண்டும். விமான நிலையம் கிடையாது. ஊர், குடி என்று எதுவும் இல்லை. அரசு அலுவலர்களும் ஆய்வாளர்களும் கொஞ்சம் பேர் முறை வைத்து வந்து தங்குகிறார்கள். நாங்கள் அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் ஏறி ஃபாக்லாந்து தீவுகள் வழியாகப் போனோம். ஃபாக்லாந்திலிருந்து ஏறத்தாழ 1,400 கி.மீ. வெறும் கடல். அந்தக் கடலைச் சொல்லிப் பலரும் பயமுறுத்துவார்கள். குமட்டல் மாத்திரையைக் குமட்டுவதற்கு முன்பே போடுங்கள், நடக்கும்போது ஒரு கை கம்பியில் இருக்கட்டும். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

பேச வேண்டியது சுத்தம் செய்வதைப் பற்றி. தீவுக்கு முந்தைய நாட்களில் கப்பலின் பொது அறையில் மேசைகளை நீட்டிப் போட்டு, வாக்குவம் கிளீனர், தூரிகை, முள்வாங்கி, ஊக்கு எல்லாவற்றையும் பரப்பிவிடுவார்கள். வெளியே அணியப்போகும் கோட்டு, கால்சட்டை, தொப்பி, கையுறை, கேமராப் பை, கைத்தடி எல்லாம் அங்கே வர வேண்டும். பாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பி உறிஞ்ச வேண்டும். மிகப் பெரிய எதிரி வெல்க்ரோ. அதன் கொக்கிகளுக்கு நடுவில் நூல், முடி, மணல், விதை என்று உலகமே மாட்டிக்கொண்டிருக்கும். என் கேமராப் பையின் ஓரத்திலிருந்து முள்வாங்கியால் நான் இழுத்தெடுத்தது, வயல் வரப்பில் நடந்தால் வேட்டியில் ஒட்டுமே, அந்த ஒட்டுப்புல் விதை. அருகில் உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்த வழிகாட்டிப் பெண், அதை ஒரு தாளில் மடித்து வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. "இன்னும் இருக்கும், தேடுங்கள்" என்றார். இருந்தது.

தீவின் பழைய திமிங்கில வேட்டை நிலையமான கிரிட்விகனுக்குப் போனதும் அரசு அலுவலர் கப்பலேறி வந்து, நம் பூட்ஸ் அடியையும் கோட்டின் கைமடிப்பையும் சோதிப்பார். தேறாவிட்டால் கரை கிடையாது. சிலர் இதைக் கெடுபிடி என்று முணுமுணுத்தார்கள். அவர்கள் எலிக்கதையைக் கேட்டிருக்க வேண்டும். சீல் வேட்டைக்கும் திமிங்கில வேட்டைக்கும் வந்த கப்பல்களில் எலிகளும் வந்து இறங்கின. தரையிலும் வளையிலும் முட்டையிடுகிற பறவைகளுக்கு எலி என்றால் என்னவென்று தெரியாது. முட்டையும் குஞ்சும் தின்னப்பட்டே அவை வெகுவாகக் குறைந்தன. உலகில் வேறெங்கும் இல்லாத தெற்கு ஜார்ஜியா பிபிட் என்ற சிட்டளவுப் பாட்டுப் பறவை எலி எட்டாத மூலைகளுக்கு ஒதுங்கியது. தெற்கு ஜார்ஜியா பாரம்பரிய அறக்கட்டளை 2011 முதல் 2015 வரை மூன்று கட்டங்களாக ஹெலிகாப்டரில் விஷ இரை தூவி, பிறகு மோப்ப நாய்களை விட்டுத் தேடி, 2018-இல் தீவில் எலி இல்லை என்று அறிவித்தது. கருவுற்ற ஒரே ஓர் எலி ஒருவருடைய பையில் ஏறிப் போனால் அத்தனையும் பாழ். இப்போது கரையில் நின்றால் புல்மேடுகளிலிருந்து பிபிட்டின் குரல் கேட்கிறது. வெல்க்ரோவோடு மல்லுக்கட்டிய மதியத்துக்குக் கூலி அது.

இரவிலும் ஒரு விதி உண்டு. இருட்டியதும் ஜன்னல் திரைகளை இழுத்து மூட வேண்டும். தளத்தில் தேவையில்லாத விளக்குகளும் அணைந்துவிடும். மூடுபனியில் சிறு கடற்பறவைகள் வெளிச்சத்தை நோக்கி வந்து கப்பலில் மோதி விழும். விடியற்காலையில் ஊழியர்கள் தளத்தைச் சுற்றிப் பார்த்து, கிடக்கும் பறவையை அட்டைப் பெட்டியில் ஈரம் உலரும்வரை வைத்திருந்து பறக்க விடுவார்கள். புகை பிடிக்க வெளியே போகிறவர்கள் கதவைத் திறந்துபோட்டு நின்றால் அவர்களிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

இனி கரை. ரப்பர் படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஊழியரின் உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள். முழங்கைக்குக் கீழே மணிக்கட்டோரம் பிடியுங்கள், அவரும் உங்களை அப்படியே பிடிப்பார். கை வழுக்காது. டிசம்பரில் போகிறவர்களுக்குக் கரையில் மென்மயிர்ச் சீல்களின் ஆண்கள் ஆளுக்கொரு இடத்தைப் பிடித்துக்கொண்டு உறுமுவதுதான் வரவேற்பு. பல கரைகளில் இறங்கவே இடம் இருக்காது. அல்பட்ராஸ் கூடு கட்டும் பிரையன் தீவையும் நவம்பர் 20 முதல் ஜனவரி 7 வரை இதே காரணத்தால் மூடிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஜனவரிக் கடைசி. அப்போது குட்டிகள்தான் ராஜ்யம். முழங்கால் உயரம்கூட இல்லாத ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு உங்கள் பூட்ஸை நோக்கிப் பாய்ந்து வரும். ஓடக் கூடாது. நின்று, கையை விரித்து, குரலை உயர்த்தினால் அது யோசிக்கும். சிரிப்பாக இருந்தாலும் கடித்தால் புண் சீழ் வைக்கும், பல வாரம் ஆறாது.

சாலிஸ்பரி சமவெளியில் ராஜ பென்குயின்கள் பல பத்தாயிரம் ஜோடிகள். கண்ணுக்கு முன்பு மூக்குக்குத்தான் தெரியும். ஒரு குஞ்சை வளர்த்து அனுப்ப இவற்றுக்கு ஓராண்டுக்கு மேல் பிடிப்பதால், பெரும்பாலும் ஒரே இடத்தில் முட்டையைக் காலில் வைத்திருப்பதும் பழுப்புக் கம்பளி போர்த்தினது போன்ற குஞ்சும் கிடைக்கும். இரை கொண்டு கடலிலிருந்து வரும் பெற்றோர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கூவும். இரைச்சலுக்கு நடுவில் குஞ்சு அந்தக் குரலைப் பிரித்தறிந்து ஓடி வரும். அதைப் பார்க்க ஒரே இடத்தில் அரை மணி நேரம் நிற்க வேண்டும். சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை.

நிற்க என்றுதான் சொன்னேன், உட்கார இல்லை. 2023-இல் பறவைக் காய்ச்சல் தீவுக்கு வந்த பிறகு தரையில் உட்காரவோ, மண்டியிடவோ, பையை வைக்கவோ விடுவதில்லை. கேமராவை மார்போடு மாட்டிக்கொள்ளும் வாரும், இடுப்புக்கு நல்லதான ஒரு வலிநிவாரணித் தைலமும் எடுத்துப் போங்கள். பென்குயினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்வார்கள். பென்குயினுக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. அது நெருங்கினால் மெல்லப் பின்வாங்குங்கள்.

கிரிட்விகனில் எல்லோரும் அண்டார்க்டிகா ஆய்வுப் பயணி ஷாக்கில்டனின் கல்லறைக்குப் போய் விஸ்கி ஊற்றுகிறார்கள். 1922-இல் இங்கேதான் அவர் இறந்தார், போய் வாருங்கள். ஆனால் அதைவிட அதிக நேரம் துருப்பிடித்த கொதிகலன்களுக்கிடையே நடங்கள். நார்வேக்காரரான லார்சன் 1904-இல் தொடங்கிய அந்த வேட்டை நிலையத்தையும் சேர்த்து, 1960-களின் நடுப்பகுதி வரை இத்தீவில் உரிக்கப்பட்ட திமிங்கிலங்கள் 1,75,000-க்கும் மேல். அங்குள்ள அருங்காட்சியகத்தில் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் எதிரிலுள்ள விரிகுடாவில் சீல்கள் கும்மாளமடிக்கும்.

தீவிலேயே பெரிய ராஜ பென்குயின் குடியிருப்பு செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவில் இருக்கிறது. நாங்கள் அதைக் கப்பலிலிருந்துதான் பார்த்தோம். பனியாற்றின் மேலிருந்து இறங்கும் காற்று சில நிமிடங்களில் கடலை வெண்ணுரையாக்கிவிட்டது. கீழே இறக்கின படகுகளையே திரும்பத் தூக்கினார்கள். அதனால் தீவுக்கென்று குறைந்தது நான்கு நாள் ஒதுக்கும் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நாள் என்றால் ஒரு காற்று போதும், எல்லாம் போய்விடும்.

சைவச் சாப்பாட்டுக்கு முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். தயிர் கிடைக்கும், ஊறுகாயை நீங்கள் கொண்டுபோங்கள், நன்றாக மூடி. மருத்துவக் காப்பீட்டில் கடலிலிருந்து மீட்டுக் கொண்டுவரும் செலவும் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனை என்றால் ஃபாக்லாந்துதான், கப்பலில் இரண்டு நாளுக்கு மேல். பல்வலி லேசாக இருந்தாலும் ஊரிலேயே பிடுங்கிவிட்டுக் கிளம்புங்கள்.