ஆய்வகம் முழுவதும் ஒரே பதிப்பு

பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலில் மேட்பிளாட்லிப் கொண்டு வரைபடம் வரையும் பாடம் வரும்போது, ஆர்வமுள்ள மாணவிகள் இணையத்திலிருந்தும் மாதிரி நிரல்களை எடுத்து வருவார்கள். அப்படி வந்த ஒரு நிரலில் 'சீபார்ன்' என்ற ஸ்டைலைப் பயன்படுத்தும் வரி இருந்தது. இருவர் அதை ஓர் எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்தார்கள். விண்டோஸ் 7 உள்ள பழைய கணினியில் ஓர் எச்சரிக்கையோடு வரைபடம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த புதிய கணினியில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்திதான் வந்தது. "எனக்கு மட்டும் வரமாட்டேங்கு டீச்சர்" என்றாள் அந்த மாணவி.

அவள் நிரலில் தவறில்லை. விண்டோஸ் 7-இல் நிறுவக்கூடிய கடைசி பைதான் 3.8. அதில் மேட்பிளாட்லிப் 3.7 வரைதான் ஏறும். புதிய கணினியில் அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தது. 'சீபார்ன்' என்ற அந்தப் பழைய பெயரை 3.8-ஆம் பதிப்பில் நீக்கிவிட்டார்கள். பைதானுக்கும் மேட்பிளாட்லிப்புக்கும் இங்கே ஒரே எண் வருவது தற்செயல்; இரண்டும் வேறு வேறு குழுக்கள் வெளியிடுபவை.

அனுபவமுள்ளவர் பிழைச் செய்தியைப் பார்த்ததும் பதிப்பைச் சந்தேகிப்பார். புதிதாகக் கற்பவர் தன்னையே சந்தேகிப்பார். டர்போ சி++ காலத்துப் புத்தகத்தைப் பார்த்து 'ஐஓஸ்ட்ரீம்.ஹெச்' என்று எழுதி, டெவ் சி++-இல் ஓட்டிப் பார்த்துத் திகைத்த பிள்ளைகள் எத்தனை பேர்! "கம்ப்யூட்டர் எனக்கு வராது" என்று ஒருத்தி முடிவு கட்டிவிட்டால், அதை மாற்ற நமக்கு மாதக்கணக்காகும்.

ஒரு பேக்கேஜ் தனியாக வருவதில்லை. மேட்பிளாட்லிப் இயங்க நம்பை, பில்லோ எனப் பல பேக்கேஜ்கள் வேண்டும். ஒவ்வொன்றும் தன் போக்கில் புதுப்பிக்கப்படுகிறது. தாமிரபரணி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் காருக்கும் பிசானத்துக்கும் கால்வாயில் தண்ணீர் திறக்கும் நாளைப் பார்த்துத்தான் நம் ஊர்களில் நாற்றுப் பாவுகிறார்கள். மென்பொருளிலும் இப்படி ஒரு முறை உண்டு. ஒரு கட்டத்தில் புதிய மாற்றங்களை நிறுத்தி, எல்லாப் பேக்கேஜ்களையும் சேர்த்துச் சோதித்து, முழுத் தொகுப்புக்கும் ஓர் எண் கொடுத்து வெளியிடுவது.

டெபியன் லினக்ஸ் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கொரு முறை இதைச் செய்கிறது. 2021-இல் வந்த டெபியன் 11-இல் பைதான் 3.9; 2023-இல் வந்த டெபியன் 12-இல் பைதான் 3.11. அந்தத் தொகுப்பின் ஆயுள் முழுக்க பைதான் அதே வரிசையில் நிற்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் நம் பிள்ளைகள் பார்த்த பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கியது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளப் பள்ளிகளில் கைட் குனு/லினக்ஸ் 22.04. உபுண்டு 22.04-இன் மேல் கட்டப்பட்டது அது. அந்த எண் 2022 ஏப்ரலைக் குறிக்கிறது. மாநிலம் முழுக்க ஒரே தொகுப்பு என்றால், ஒரு பள்ளியில் கண்ட தீர்வு அடுத்த பள்ளிக்கும் அப்படியே பொருந்தும். இதுதான் எனக்குப் பிடித்த அம்சம்.

நம் ஆய்வகத்தில் விண்டோஸ்தான் இருக்கிறது என்றாலும் இதைச் செய்யலாம். நான் ஜூனில் செய்வது இது. ஒரு கணினியில் பைதானும் மேட்பிளாட்லிப்பும் நிறுவி, செய்முறைப் பயிற்சிகள் எல்லாவற்றையும் ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறேன். பிறகு 'பிப் ஃப்ரீஸ்' கட்டளை. அந்தக் கணினியில் உள்ள ஒவ்வொரு பேக்கேஜின் பெயரையும், இரண்டு சமக்குறி இட்டுப் பதிப்பு எண்ணையும் அது பட்டியலாகத் தருகிறது. பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து, 'பிப் டவுன்லோடு' மூலம் அதே பேக்கேஜ்களைப் பென் டிரைவில் இறக்கிக்கொள்கிறேன். மற்றக் கணினிகளில் இணையம் இல்லாமலேயே நிறுவிவிடலாம். பைதான் பதிப்பு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் சில பேக்கேஜ்கள் ஏறாது. ஒரு விண்டோஸ் 7 கணினி இருந்தாலும் நான் எல்லாவற்றிலும் 3.8-ஐயே வைப்பேன். இணையத்தில் பார்த்து 'மைனஸ் யூ' சேர்த்து பிப் கட்டளை கொடுக்க வேண்டாம் என்று மாணவிகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். அது இருக்கும் பதிப்பைப் புதிதாக மாற்றிவிடும்.

புதுப்பித்தலே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பிரவுசரை நிறுத்தி வைப்பது ஆபத்து. பைதான் 3.8-க்கும் 2024 அக்டோபரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பயிற்சிக்கு இணையம் தேவையில்லாத கணினியில் அதை ஓட்டலாம்; அலுவலக வேலை நடக்கும் கணினியில் வேண்டாம். ஆய்வகத்திலும் மே மாத விடுமுறையில் புதிய பதிப்புகளைச் சோதித்து, அடுத்த ஆண்டுக்கான பட்டியலைத் தயாரிக்கலாம். கல்வியாண்டின் நடுவில், அதுவும் செய்முறைத் தேர்வு நெருங்கும்போது, மாற்ற வேண்டாம்.

பட்டியலை அச்சிட்டு ஆய்வகப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்: கல்வியாண்டு, பைதான் பதிப்பு, பேக்கேஜ்கள், சோதித்த தேதி. பென் டிரைவ் பீரோவில் இருக்கிறது. பணிமாறுதலில் வருகிற ஆசிரியர் முதலில் தேடுவது அந்தப் பதிவேட்டைத்தானே.