கரும்பலகையில் யாருடைய பெயர்?

அரசு உயர்நிலைப் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் இளம் ஆசிரியருக்கு,

வகுப்புக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே கரும்பலகையின் ஓரத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். மேலே ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு, கீழே ஏழெட்டுப் பெயர்கள், ஒன்றிரண்டுக்குப் பக்கத்தில் ‘மிக அதிகம்’ என்ற குறிப்பு. வகுப்பு லீடரின் கைவண்ணம். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், ஜூனில் எழுதிய பெயர்களேதான் மார்ச்சிலும் இருக்கும். பட்டியலுக்குப் பலன் இருந்திருந்தால் பெயர்களாவது மாறியிருக்க வேண்டாமா?

இதை நிதானமாக அளந்து பார்த்தவர்கள் உண்டு. 1968-இல் அமெரிக்காவில் மேட்சன், பெக்கர், தாமஸ் என்ற மூவர் தொடக்கப் பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். விதிகளைச் சொல்லி வைத்ததால் மட்டும் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஆசிரியர் சின்னச் சின்னச் சேட்டைகளைக் கண்டும் காணாமல் விட்டு, அதே பிள்ளை ஒழுங்காக வேலை செய்யும் நேரம் பார்த்துப் பாராட்டியபோதுதான் வகுப்பு வழிக்கு வந்தது. அடுத்த ஆண்டு பாரிஷ், சாண்டர்ஸ், உல்ஃப் என்ற வேறு மூவர் நான்காம் வகுப்பு ஒன்றை இரண்டு அணிகளாகப் பிரித்து ஒரு விளையாட்டு நடத்தினார்கள். யாராவது அனுமதியில்லாமல் பேசினால் கரும்பலகையில் அவருடைய அணிக்கு ஒரு கோடு விழும். கோடு குறைந்த அணிக்கு வெற்றி. இரண்டு அணியும் எல்லைக்குள் நின்றால் இரண்டுக்குமே வெற்றி. பரிசுக்குக் காசு செலவில்லை: சாப்பாட்டு வரிசையில் முதலிடம், கொஞ்சம் ஓய்வு நேரம், இப்படி. சத்தம் வெகுவாகக் குறைந்தது. நம் லீடரும் கரும்பலகையில்தான் எழுதுகிறார். ஆனால் அந்த விளையாட்டில் பெயர் எழுதப்படவில்லை, ஜெயிக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் இருந்தது.

அந்த வகுப்பிலும் இருவர் ‘நாங்கள் ஆட்டத்துக்கு வரமாட்டோம்’ என்று முரண்டு பிடித்தார்கள். அவர்களால் அணி முழுவதும் தோற்றுக்கொண்டிருக்கக் கூடாது என்று அவர்களைத் தனியாகப் பிரித்தார்கள். உங்கள் வகுப்பிலும் அப்படி இருவர் நிச்சயம் இருப்பார்கள். ஒருவன் செய்ததற்காக நாற்பது பேரையும் நிற்க வைப்பதைப் போல வகுப்பைக் கசக்க வைப்பது வேறில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சின்னக் குழந்தைகள் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். கோடு போடும் ஆட்டத்தை அவர்கள் இரண்டே நாளில் கேலியாக்கி விடுவார்கள். எல்லோர் முன்னாலும் ‘வெரி குட்’ வாங்கும் பையனுக்கு அன்று மாலை நண்பர்களிடம் வேறொரு பட்டப்பெயர் கிடைக்கலாம். அந்த வயதில் பாராட்டை வகுப்பு முடிந்து வெளியே போகும்போது, வாசலருகே, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வது நல்லது. ‘நல்ல பையன்’ என்று பொதுவாகச் சொல்வதில் ஒன்றுமில்லை. ‘சண்டையை நீ விலக்கி விட்டதைப் பார்த்தேன்’ என்றால் அவன் எதற்குப் பாராட்டப்பட்டான் என்பது அவனுக்குத் தெரியும்.

ஆசிரியர் ஓய்வறையில் ‘ரெண்டு போட்டாத்தான் சார் அடங்குவானுங்க’ என்ற அறிவுரை கட்டாயம் கிடைத்திருக்கும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், அடியையும் மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. பிரம்பை எடுத்துவிட்ட சட்டம் அதற்குப் பதிலாகக் கையில் எதையும் கொடுக்கவில்லை என்று மூத்தவர்கள் அலுத்துக்கொள்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அந்த இடத்தை நிரப்பத்தான் நட்சத்திர ஸ்டிக்கர், பேனா, சான்றிதழ் எல்லாம் உள்ளே வந்தன. இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும்.

1973-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் செய்த சோதனையைக் கல்வியியல் படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் திடீரென்று கொடுத்தார்கள். சிலருக்கு எதுவுமில்லை. ஓரிரு வாரம் கழித்து யாரும் கேட்காதபோது யார் அந்தப் பேனாக்களை எடுக்கிறார்கள் என்று கவனித்தார்கள். பரிசுக்கென்று வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை.

அப்படியானால் பரிசே கூடாதா? அவசரப்பட வேண்டாம். பொருளாதார அறிஞர் ரோலண்ட் ஃபிரையர் 2007 முதல் 2009 வரை அமெரிக்க நகரங்களில் மாணவர்களுக்குப் பணமே கொடுத்துப் பார்த்தார். நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம், மதிப்பெண் ஏறவில்லை. டல்லஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒரு புத்தகம் படித்துச் சின்ன வினாடி வினாவில் தேறினால் இரண்டு டாலர். அங்கே ஆங்கிலத்தில் தேர்வு எழுதிய பிள்ளைகளின் வாசித்துப் புரியும் திறன் உயர்ந்தது. நியூயார்க் பிள்ளைகளுக்கும் பணத்தின் மேல் ஆசை இருந்தது. ஆனால் மதிப்பெண்ணை எப்படி உயர்த்துவது என்று கேட்டால், கேள்வியை நன்றாகப் படிக்க வேண்டும் என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ‘இந்தப் புத்தகத்தைப் படி’ என்றால் எந்தக் குழந்தைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.

இந்த இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் வேலை ஓரளவு தெளிவாகும். ஏற்கெனவே ஆசையோடு கதைப் புத்தகம் புரட்டும் பெண்ணுக்கு ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். அவளுக்கு அடுத்த புத்தகம்தான் தேவை. புத்தகத்தைத் தொடவே தொடாத பையனுக்கு முதல் நாலைந்துக்குச் சின்னத் தூண்டுதல் இருக்கட்டும், அதையும் சீக்கிரமே நிறுத்திவிடுங்கள். ‘முதல் ரேங்க் எடுத்தால் சைக்கிள்’ போன்ற வாக்குறுதி, முதல் ரேங்க்குக்கு எட்டாத மற்ற எல்லோரையும் முதல் நாளே வெளியே அனுப்பிவிடுகிறது.

ஆனால் அடுத்த புத்தகம் எங்கே இருக்கிறது? பல பள்ளிகளில் பூட்டிய பீரோவுக்குள். இருப்புச் சரிபார்ப்பின்போது இரண்டு புத்தகம் குறைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம்தான் பூட்டு. அதைச் சும்மா திட்டுவதில் பயனில்லை. சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, வாசகர் தாமே அலமாரியில் கைவைத்து எடுக்கும் முறையைக் கொண்டுவந்தவர். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகங்கள் போயின. மண் ரோட்டில் வண்டி போன ஊரில் பீரோவிலிருந்து வராந்தாவரை புத்தகம் வரமுடியாதா என்ன? ஹெச்.எம்.மிடம் கேட்டு, நைந்து கிழிந்தாலும் பரவாயில்லை என்று எழுத்தில் அனுமதி வாங்கிய ஐம்பது புத்தகங்களோடு தொடங்குங்கள். அவற்றைத் தொங்கவிட ஒரு கொடிக்கயிறு போதும்.

தமிழ்நாட்டின் வாசிப்பு இயக்கம் தன் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ‘மெல்லக் கற்போர்’ என்ற முத்திரைக்குக் கூசுவான்; ‘நட’ புத்தகத்தை எடுக்கக் கூச மாட்டான். 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்கு வரும் ‘தேன்சிட்டு’ இதழைக் கட்டாகக் கட்டி மூலையில் வைக்காமல், வந்த அன்றே பிரித்துக் கொடுங்கள். படித்தபின் சுருக்கம் எழுதி வரச் சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். வாசிப்பை வீட்டுப்பாடமாக்க அதைவிடக் குறுக்கு வழி இல்லை.

வகுப்பில் வாய் திறக்க வைப்பதற்கு வருவோம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்: கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன. மந்தம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பேசத் தொடங்கினார்கள். ஆசிரியர் அதட்ட வேண்டிய தருணங்களும் குறைந்தன. மூன்று நொடி மௌனம் முதலில் மூன்று நிமிடமாகத் தோன்றும். முதல் பெஞ்சில் உயர்ந்த கையைப் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு என்ற பேச்சே வேண்டாம் என்று சொன்ன மலையாளப் படம் ‘ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்’. அதைப் பார்த்துக் கேரளத்தில் சில பள்ளிகள் பெஞ்சுகளை ‘ப’ வடிவில் திருப்பிப் போட்டன. 2025-இல் தமிழ்நாட்டிலும் அது பெரிய பேச்சானது. அறுபது பேர் உட்காரும் அறையில் ‘ப’ போட இடமிருக்காது, ஓரத்தில் இருப்பவர்களுக்குக் கழுத்து வலிக்கும் என்றவர்கள் சொன்னதும் உண்மைதான். பெஞ்சு நகராவிட்டால் ஆட்களை நகர்த்தலாம்; வாரம் ஒரு வரிசை முன்னே வரட்டும். காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பதும் அதே மூன்று பேராக இல்லாமல் வருகைப் பதிவேட்டு வரிசையில் போகட்டும். முந்தின நாளே தாளைக் கையில் கொடுத்து, ஒருமுறை வாசிக்கக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்பவரை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தால் போதும்.

லீடரின் பட்டியலை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவரைப் பகைத்துக்கொள்ளாமல், புத்தகம் கொடுத்து வாங்கும் நோட்டை அவரிடம் கொடுங்கள். சாக்பீஸ் தானாகக் கீழே வந்துவிடும். அவருக்குத் துணையாக, பட்டியலில் நிரந்தரமாக இருந்த அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவரைப் போடுங்கள்.

இன்னொன்று, கால அட்டவணை. அரையாண்டு நெருங்கும்போது கணக்கு சார் பத்தாம் வகுப்பின் நூலகப் பாடவேளையைக் கேட்டு வருவார். ரிசல்ட் அவர் தலையில்தான் விடியும் என்பதால் அவரோடு சண்டை போடாதீர்கள். பத்தாம் வகுப்பை விட்டுக்கொடுங்கள். எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள பாடவேளைகளை யாரும் தொடக் கூடாது என்று இப்போதே, ஆண்டுத் தொடக்கத்திலேயே, அட்டவணையின் அடியில் ஹெச்.எம். கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் அந்தத் தாள் தேவைப்படும்.

அன்புடன்,
ஒரு மூத்த ஆசிரியர்