பெரிய பைக்கை எந்த ஆர்.பி.எம்.ல ஓட்டணும்? அக்கா சொல்றேன், கேளு தம்பி

பெரிய பைக் வாங்கிட்டே, சந்தோஷம். ஆனா புதுக்கோட்டை கீழ ராஜ வீதி நெரிசல்ல டாப் கியரைப் போட்டுத் தடதடன்னு திணறடிச்சுட்டுப் போறியே, அதைக் கேட்டா எனக்கு வயித்தைக் கலக்குது. கேட்டா மைலேஜ்னு சொல்லுவே. மேனுவலைப் புரட்டினியா? நேரமிருந்திருக்காது. முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

1. மேனுவல்ல ஒரே ஒரு வரி பார். 'மேக்ஸிமம் டார்க்'னு போட்டுப் பக்கத்துல ஒரு ஆர்.பி.எம். இருக்கும். இன்ஜினுக்கு இழுவை உச்சத்துல இருக்கிற இடம் அது. கிளாசிக் 350-க்கு 4,000. பழைய 373 சிசி ட்யூக் 390-க்கு ஏறக்குறைய 7,000. ஓசூர் டி.வி.எஸ். 2017-ல கொண்டுவந்த அப்பாச்சி ஆர்.ஆர். 310-க்கு 7,700. புல்லட் ஓட்டிப் பழகின கையோட ட்யூக்ல ஏறினா 2,500-லயே அடுத்த கியரைத் தட்டுவே, செயின் கடகடன்னு அடிச்சுக்கும். என் கணக்கு சுலபம்: அன்றாட ஓட்டத்துக்கு அந்த எண்ணுல பாதியிலேர்ந்து முக்கால் வரை. ஆள் உட்கார்ந்தா, மூட்டை ஏத்தினா, இன்னும் கொஞ்சம் மேல.

2. கீழ் ஆர்.பி.எம்.ல முழுசா முறுக்காதே. நான் பார்த்த தப்புகள்லயே பெரிய தப்பு இதுதான். நெல்லு மூட்டையைத் தோள்ல ஏத்திவிட்டு, மூணு மூணு படியா தாண்டி ஏறுன்னு சொன்னா முட்டி தாங்குமா? அப்படித்தான் இதுவும். ஆயில் பம்ப்பும் இன்ஜின் வேகத்துலதான் ஓடுது. மெதுவா சுத்தும்போது ஆயில் அழுத்தம் குறைவு, பிஸ்டன் மேல பாரமோ அதிகம். பேரிங்தான் அடி வாங்கும். இதுல பெட்ரோலும் மிச்சமாகாது.

3. மீட்டர் இல்லையேன்னு முழிக்காதே. கிளாசிக் 350-ல ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது, காது இருக்கு. முறுக்கினதும் வண்டி முன்னால போகாம உதறினா ஒரு கியர் குறை. ஃபுட்ரெஸ்ட்ல கால் கூசுற அளவுக்கு அதிர்ந்தா ஒரு கியர் கூட்டு.

4. லாரியைத் தாண்ட டாப் கியர் வேண்டாம். திருமயம் ரோட்டுல 50-ல போயிட்டு அப்படியே முறுக்கினா, பாதி வழியில எதிர்ல பஸ் வந்துடும். முதல்ல ஒரு கியர் இறக்கு, ஆர்.பி.எம். ஏறட்டும், அப்புறம் தாண்டு. தாண்டுறேன்னு பறக்கவும் கூடாது: விராலிமலை நாலு வழிச் சாலையில பைக்குக்கு 80-தான் உச்சம், 2018-லயே மத்திய அரசு வச்சது. இன்டர்செப்டர் 650 ஆறாவது கியர்ல 3,000 சொச்சத்துலயே அந்த வேகத்தைத் தொட்டுடும். அதுக்கு மேல யாருக்குக் காட்டப் போறே?

5. அஞ்சுலேர்ந்து நேரா ரெண்டுக்குக் குதிக்காதே. குறுக்கே ஆட்டு மந்தை வந்தா பலபேர் இப்படித்தான் படபடன்னு மிதிக்கிறாங்க. ஆர்.பி.எம். எல்லை மீறாம தடுக்கிற லிமிட்டர் காப்பாத்தும்னு நினைப்பு. லிமிட்டர் நீ முறுக்குறப்ப மட்டும்தான் தடுக்கும். கியரை இறக்கினா சக்கரமே இன்ஜினைப் பிடிச்சு சுத்த வைக்கும், அதை லிமிட்டர் ஒண்ணும் பண்ண முடியாது. வால்வு வளைஞ்சா செலவு உன்னோடது. ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தா பின் டயர் பூட்டிக்கிறது குறையும், அவ்வளவுதான். முதல்ல பிரேக், பிறகு ஒவ்வொரு கியரா.

6. காலையில ஸ்டார்ட் பண்ணதும் உறும விடாதே. ஆயில் சூடாகி எல்லா இடத்துக்கும் போய்ச் சேரணும். அதுக்காக வாசல்ல பத்து நிமிஷம் ஐட்லிங்ல விட்டுட்டு டீ குடிக்கப் போகாதே, பெட்ரோல்தான் வேஸ்ட். முதல் ரெண்டு மூணு கிலோமீட்டர் மெதுவா போ, போதும்.

7. புது வண்டியா? முதல் சர்வீஸ் வரைக்கும் முழுசா முறுக்காதே. ஒரே வேகத்துலயும் மணிக்கணக்கா போகாதே, ஏத்தி இறக்கி ஓட்டு.

8. ரயில்வே கேட்ல நின்னுட்டு நியூட்ரல்ல ரேஸ் பண்றதை விடு. சித்திரை வெயில்ல காத்து பட்டாத்தான் ஏர் கூல்டு இன்ஜின் ஆறும். நின்ன இடத்துல முறுக்கினா சூடுதான் ஏறும். கேட் திறக்கிற வரை ஆஃப் பண்ணு.

மிமிசல் பக்கம் ஈ.சி.ஆர்.ல ஒரு சுத்து போகணும்னு ஞாயிற்றுக்கிழமை கிளம்புவே. எதிர்க்காத்து பலமா இருந்தா டாப் கியர் இழுக்காது. ஒரு கியர் குறைச்சே ஓட்டு. புறப்படும் முன்னாடி வண்டியை நேரா நிமிர்த்தி வச்சு, இன்ஜின்ல இருக்கிற சின்னக் கண்ணாடியில ஆயில் அளவைப் பாரு. சைடு ஸ்டாண்டுல சாய்ச்சு வச்சுப் பார்த்துட்டு ஆயில் குறையுதுன்னு எனக்குப் போன் பண்ணாதே.