சிறுவர்க்கு மதுவைச் சுவைக்கக் கொடுக்கலாமா?

இலண்டன் மாநகரில் குடும்பத்துடன் வாழும் நம் பகுதிச் சகோதரர் ஒருவர் ஒரு மஸ்அலா கேட்டு எழுதியிருந்தார். அவருக்கு 14 வயதில் ஒரு மகன். அவனுடன் படிக்கும் பிள்ளைகள் சிலரின் வீடுகளில் விருந்து நாட்களில் பெற்றோரே தங்கள் கையால் சிறிது ஒயின் ஊற்றிக் கொடுக்கிறார்களாம். வெளியே போய்த் திருட்டுத்தனமாகக் குடிப்பதைவிட எங்கள் கண் முன்னால் ருசி பார்த்து ஆசை தீரட்டும் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். நம் சகோதரர் ஐவேளைத் தொழுகையாளி, மதுவைத் தொட்டறியாதவர். ஆயினும் அவர் உள்ளத்தில் அச்சம் புகுந்துவிட்டது. "ஹஜ்ரத், நான் தடுக்கத் தடுக்க அவன் எனக்குத் தெரியாமல் போய் விழுந்துவிட்டால் என்ன செய்வேன்? ஒரே ஒரு தடவை அதன் கசப்பைக் காட்டிவிட்டால் வெறுத்துவிட மாட்டானா? அவன் மீது இன்னும் மார்க்கக் கடமை வரவில்லையே!" என்று கேட்கிறார்.

இதைப் படித்துவிட்டு யாரும் அவரை ஏளனம் செய்ய வேண்டாம். பிள்ளைப் பாசமும் பயமும் சேர்ந்து கேட்ட கேள்வி இது. இதே காரியம் நம் ஊர்களிலும் வேறொரு பெயரில் நடக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மது ஹராம் என்பதற்குத் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம், 90, 91ஆம் வசனங்களே போதும். எது அதிக அளவில் போதை தருமோ அதில் சிறிதளவும் ஹராமே என்ற கருத்தில் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் தீர்ப்பு அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் வந்துள்ளது. ஆகவே 'ஒரு வாய்' என்பதற்குத் தனிச் சட்டம் கிடையாது. திராட்சை, பேரீச்சை அல்லாதவற்றிலிருந்து எடுக்கும் பானங்களைப் பற்றி முற்கால இமாம்களிடையே ஒரு பேச்சு இருந்தது என்பதைக் கிதாபு ஓதியவர்கள் அறிவார்கள். எனினும் ஹனஃபி மத்ஹபில் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் சொல்லின் மீதே ஃபத்வா. அதன்படி குறைவும் கூடுதலும் தடைதான். ஷாஃபிஈ மத்ஹபில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து, கடமை வராத வயது என்ற வாதம். 14 வயதுப் பிள்ளை விஷயத்தில் இதை அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. பருவமடைந்த அடையாளம் வெளிப்பட்டுவிட்டால் அவன் பாலிகு. வெளிப்படாவிட்டாலும் 15 ஆண்டுகள் நிறைந்ததும் பாலிகுதான். அந்த 15ம் பிறைக் கணக்கில். பிறை ஆண்டு ஏறத்தாழ 11 நாட்கள் குறைவானது என்பதால், ஆங்கிலக் கணக்கில் 14 வயதும் ஆறரை மாதமும் ஆனபோதே பையனுக்கு 15 நிறைந்துவிடுகிறது. பிறந்த நாளை ஆங்கிலத் தேதியில் மட்டும் குறித்து வைத்திருக்கும் வீடுகளில் இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட மகன் குடித்தால் குற்றம் அவனுடையது. ஊற்றிக் கொடுத்த தகப்பனார் அக்குற்றத்தில் பங்காளி.

சரி, பையனுக்கு வயது 6 என்றே வைத்துக்கொள்வோம். அவன் மீது எழுதப்படும் பாவம் ஒன்றுமில்லை. அதனால் கொடுப்பவருக்கும் பாவமில்லை என்று ஆகிவிடுமா?

இதற்கு விடை நாயகத்தின் இல்லத்திலேயே இருக்கிறது. பேரர் ஹஸன் (ரலி) அவர்கள் சிறு பிள்ளையாக இருந்தபோது ஸதகாப் பேரீச்சம் பழங்களிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். நாயகத்தின் குடும்பத்தாருக்கு ஸதகாப் பொருள் ஆகாது. நாயகம் (ஸல்) அவர்கள், மழலைக்கு விளங்கும் விதத்தில் "கிஃக், கிஃக்" என்று சொல்லி அதைத் துப்பச் செய்தார்கள். நாம் ஸதகாவை உண்பதில்லை என்பதையும் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. சிந்தித்துப் பாருங்கள். பழம் ஹலாலான பழம். மற்றவர் வீட்டுப் பிள்ளை தின்றால் ஒன்றுமில்லை. தின்றவரோ கேள்வி கணக்கு இல்லாத குழந்தை. அப்படியிருந்தும் 'ஒன்றுதானே, சின்னப் பிள்ளைதானே' என்று விடவில்லை. அடிக்கவுமில்லை; காரணத்தைச் சொன்னார்கள்.

ஃபிக்ஹு நூலான ஹிதாயாவில் ஆண் பிள்ளைகளுக்குப் பட்டும் தங்கமும் அணிவிப்பது பற்றிய சட்டம் வருகிறது. ஆண்கள் அணிவது ஹராம் என்றானபோது சிறுவனுக்கு அணிவிப்பதும் ஹராம் என்று கூறி, அதற்கு உவமையாக மதுவையே காட்டுகிறார் ஆசிரியர்: அருந்துவது ஹராமாகிவிட்டதால் புகட்டுவதும் ஹராம் என்பது அவர் வாதம். இந்த விஷயம் எந்த ஐயமுமின்றித் தெளிவாக இருந்ததால்தான் மற்றொன்றை விளக்க இதை உவமையாக எடுத்திருக்கிறார். ஆக, குழந்தை விழுங்கியதற்கான கணக்கு ஊட்டிய கையின் மீது எழுதப்படுகிறது.

படித்த இளைஞர் ஒருவர் என்னிடம் வேறொரு வாதம் செய்தார். "அல்லாஹ் மதுவை ஒரேயடியாகத் தடுக்கவில்லையே, படிப்படியாகத்தானே தடுத்தான்? பிள்ளைகளிடமும் நாம் அப்படி மெல்ல நடந்துகொண்டால் என்ன?" என்றார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் படிகள் குடியில் மூழ்கியிருந்த மக்களை வெளியே கொண்டுவர இறக்கப்பட்டவை. வெளியே நிற்கும் பிள்ளையை உள்ளே அழைத்துப் போக அவற்றை ஆதாரமாக்க முடியாது. முடிவான தடை வந்த அன்று மதீனாவில் நடந்ததைப் பாருங்கள். அபூதல்ஹா (ரலி) அவர்கள் இல்லத்தில் பெரியவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அங்கிருந்தோரில் வயதில் இளையவரான அனஸ் (ரலி). தடையின் அறிவிப்பு கேட்டதும் அதைக் கொட்டிவிடும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. கையில் இருப்பதை மட்டும் முடித்துவிடுவோம் என்று அந்தப் பெரியவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

இனி, 'கண் முன்னால் கொடுத்தால் கட்டுப்படும்' என்ற கூற்று. இது மார்க்க வாதமல்ல, அனுபவ வாதம். ஆகவே அனுபவத்தைக் கொண்டே அளந்து பார்க்கலாம். ஒயினை உணவின் பகுதியாகக் கருதிய பிரான்சு நாட்டில் 1956 வரை பள்ளி உணவுக்கூடங்களில் சிறுவர்க்கும் அது கிடைத்துவந்தது. அந்த ஆண்டில்தான் 14 வயதுக்குட்பட்டோருக்கு அரசு தடை விதித்தது. இங்கிலாந்தில் 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வீட்டில் மது கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியே 2009இல், மது இல்லாத பிள்ளைப் பருவம்தான் சிறந்தது, 15 வயது வரையிலாவது கொடுக்காதீர்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை கூறினார்.

ஆஸ்திரேலியாவில் 1,927 பிள்ளைகளை 12 வயது முதல் 18 வயது வரை, ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' என்ற மருத்துவ இதழில் 2018இல் அதன் முடிவு வெளியாயிற்று. பெற்றோர் மது கொடுத்ததால் பிள்ளைகளுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைத்ததாகத் தெரியவில்லை. அப்படிக் கொடுக்கப்பட்டவர்களிடம் மிதமிஞ்சிய குடியும் அதன் தீங்குகளும் கூடுதலாகவே காணப்பட்டன. வீட்டில் கொடுத்தால் வெளியே தேட மாட்டான் என்றார்களே, வீட்டில் பெற்றவர்களே அடுத்து வந்த காலத்தில் வெளியிலிருந்தும் பெறுவது அதிகம் என்று கண்டார்கள். இதில் வியப்பு என்ன இருக்கிறது? பிள்ளைக்கு அந்தக் கசப்பு ஒரு நாளில் மறந்துபோகும். அத்தா கொடுத்தார் என்பது மறக்காது.

சகோதரரின் அச்சத்துக்கு என் விடை இதுதான். மகனை உட்கார வைத்துப் பேசுங்கள். அவன் கேட்கும் கேள்விக்குக் கோபப்படாதீர்கள். உங்களிடம் கேட்க முடியாதவன்தான் மற்றவனிடம் போவான். மது பரிமாறப்படும் விருந்தில் அமர்வதையே நாயகம் (ஸல்) தடுத்திருக்கிறார்கள் என்பதை விளக்கி, அழைத்த வீட்டாரிடம் நீங்களே மரியாதையாக முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். பையன் தனியாக நின்று மறுக்கும் சங்கடம் அவனுக்கு வேண்டாம். என்றேனும் தவறிவிட்டால் நடு இரவானாலும் உங்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

நம் ஊர்ச் சங்கதிக்கு வருகிறேன். சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில் நான் புதிதாக இமாமத் பொறுப்பேற்றிருந்தேன். மழைக்காலத்தில் ஓர் இரவு, நெஞ்சுச் சளியால் அவதிப்பட்ட இரண்டு வயதுக் குழந்தைக்கு ஓதி ஊத அழைத்தார்கள். குனிந்து ஊதும்போது குழந்தையின் வாயிலிருந்து நெடி அடித்தது. என் முகம் மாறியதைக் கண்ட பாட்டியார், "வெந்நீரில் ரெண்டு கரண்டி பிராந்திதான் ஹஜ்ரத், மருந்துதானே! பாருங்க, அழுகையை நிறுத்திட்டான்" என்றார். குழந்தை கண் செருகிக் கிடந்தது. மூத்த பெண்மணி, நிர்வாகி வீடு, நானோ வயதில் சிறியவன். ஒன்றும் சொல்லாமல் அவர்கள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். அல்ஹம்துலில்லாஹ், குழந்தை நலமடைந்தது. சில மாதங்களுக்குப் பிறகு அதே தெருவில் இன்னொரு வீட்டில், "அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்ததை ஹஜ்ரத்தே பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை" என்று பேசிக்கொண்டார்கள். என் மௌனம் அவர்களுக்கு ஃபத்வா ஆகிவிட்டது. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

பிராந்தி சளியைக் கரைப்பதில்லை. தோலுக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்வதால் சூடு போலத் தோன்றுகிறது. உண்மையில் உடலின் உட்சூடு வெளியேறிப் போகிறது. சிறு குழந்தைக்கு இரத்தத்தில் சர்க்கரை இறங்கி வலிப்பும் மயக்கமும் வரக்கூடும். அந்தப் பாட்டியார் குணம் என்று கண்டது போதையை. மருந்துக்காக மது தயாரிக்கிறேன் என்ற நபித்தோழரிடம், அது மருந்தல்ல, நோய் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) பதிலளித்தது முஸ்லிமில் உள்ளது. வேறு மருந்துடன் சிறிது ஆல்கஹால் கலந்து கரைந்திருப்பது தனி மஸ்அலா. மாற்று மருந்து இல்லையென்று நம்பத்தகுந்த மருத்துவர் சொல்லும்போது அதற்கு இமாம்கள் இடம் கொடுத்துள்ளனர். அதைக் காட்டி, கடையில் வாங்கிய பிராந்தியைக் கரண்டியில் ஊற்ற வழியில்லை. நாட்டுச் சட்டமும் இதில் இலேசாக இல்லை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவின்படி, தகுதி பெற்ற மருத்துவரின் உத்தரவின்றிக் குழந்தைக்கு மது கொடுத்தால் 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு இலட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு.

வீட்டு அலமாரியில் அப்படி ஒரு புட்டி இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மது அனந்தரச் சொத்தாக வந்த அநாதைப் பிள்ளைகளைப் பற்றி அபூதல்ஹா (ரலி) கேட்டபோது, அதைக் கொட்டிவிடும்படி நாயகம் (ஸல்) கூறினார்கள். வினிகராக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கும் இசையவில்லை. அநாதைகளின் பொருளைக் காப்பதில் மார்க்கம் எவ்வளவு கண்டிப்பு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே விலையைப் பார்க்காமல், மற்றவருக்கு உதவுமே என்று கொடுக்கவும் செய்யாமல், சாக்கடையில் ஊற்றிவிடுங்கள். அது நஜீஸ் என்பதால் ஊற்றிய கரண்டியையும் கிண்ணத்தையும் நன்றாகக் கழுவிய பிறகே அடுப்படிக்கு எடுக்க வேண்டும்.