மருதோன்றிக் கொம்பு நடும் முறை

பெருநாள் நெருங்கினால் நெகிரி செம்பிலான் தோட்ட வீடுகளிலிருந்து மருதோன்றி கேட்டு நம் கடைகளுக்கு வருவார்கள். வியாபாரச் சகோதரர்களே, அசல் மருதோன்றி சிவக்குமேயன்றிக் கறுக்காது. ‘கறுப்பு மருதோன்றி’ எனும் குழைவில் தலைமயிர்ச் சாயத்தில் சேரும் பாரா-பினைலின்டையமின் கலந்திருப்பதுண்டு. அது பிள்ளைகளின் கையைக் கொப்புளமாக்கித் தழும்பாக்கிவிடும். அச்சரக்கு நமக்கு வேண்டாம். கொல்லையில் நாலு செடி வைத்துத் தழையாகவே கொடுக்கலாமே!

பென்சில் பருமனுள்ள முற்றிய கொம்பை ஒரு சாண் நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுக. அடியிலைகளை உருவி, பாதி மணல் கலந்த மண்ணில் இரு கணுக்கள் புதைய ஊன்றி நிழலில் வைக்கவும். துளிர் கண்டதும் பிடுங்கிப் பார்க்காதீர்கள். கொம்பிலுள்ள சத்தாலேயே, வேருக்கு முன்பே துளிர் வந்துவிடும். நீர் தேங்கினால் அழுகும். மழை குறைந்த ஜெலெபுவில் அக்கவலை சொற்பம். மற்ற ஊரார் வேர்பிடித்த கன்றை மேட்டில், நல்ல வெயிலில் நடவும்.